இளவரசியும் கிழங்குக்காரியும்: 1937 அம்பிகாபதி

கேள்வி இது: "நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் 1937-இல் வந்த அம்பிகாபதியை ஏதோ தங்கள் ஊர்ப் படம் மாதிரிப் பேசுகிறார்களே, ஏன்? பேசும்படம் வந்து ஆறு வருஷத்துக்குள் ஏற்றத்தாழ்வை மீறிய காதலைச் சொன்ன புரட்சிப் படம் என்று அதைச் சொல்லலாமா?"

முதல் பாதிக்கு ஒரு பெயரே பதில்: என்.எஸ்.கிருஷ்ணன். ஒழுகினசேரிக்காரர். 1908-இல் பிறந்தவர். வீட்டில் வறுமை. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார், நாடகக் கொட்டகையில் சோடா விற்றிருக்கிறார். சோடா விற்ற பையன் திரைக்குப் பின்னால் போய், டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் நடிகனாகி, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். அம்பிகாபதியில் அவரும் டி.ஏ.மதுரமும் சிரிப்பு ஜோடி. இன்றைக்கும் மணிமேடை சந்திப்பில் பஸ் திரும்பும்போது கலைவாணர் சிலையைப் பார்க்காமல் போக முடியாது. ஆகவே "நம்ம படம்" என்பதில் தப்பில்லை. கதை சோழநாட்டில் நடக்கிறது, எடுத்தது கல்கத்தாவில், இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். ஆனாலும் சிரிப்பு ஒழுகினசேரியிலிருந்து போனது.

இரண்டாம் பாதிதான் வம்பு. புரட்சிப் படம் என்று நான் சொல்லமாட்டேன். ஏன் என்று சொல்ல, கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும்.

கம்பரின் மகன் அம்பிகாபதி. சோழ அரசன் மகள் அமராவதி. இருவருக்கும் காதல். அரசனுக்குத் தெரிகிறது, கொதிக்கிறான். கம்பர் கெஞ்சுகிறார். கடைசியில் ஒரு சோதனை வைக்கிறார்கள்: சிற்றின்பத்தின் வாடையே இல்லாமல் நூறு பாட்டு பாடு, பெண் உனக்கு. ஒன்றில் தவறினாலும் தலை போகும். அம்பிகாபதி பாடுகிறான். மறைவிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும் அமராவதி, தொடக்கத்தில் பாடிய கடவுள் வாழ்த்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறாகிவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. கொலைத் தண்டனை. அவளும் உயிரை விடுகிறாள்.

இது வாய்வழியாக வந்த கதை, சரித்திரம் இல்லை. கம்பர் எந்த நூற்றாண்டு என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை, அவர் மகனுடைய காதலுக்குச் சான்று தேடினால் கிடைக்காது. ஆனால் அம்பிகாபதிக் கோவை என்று ஒரு நூலும் சில தனிப்பாடல்களும் அவன் பேரில் இருக்கின்றன. கதையை இத்தனை நாள் உயிரோடு வைத்திருப்பவை அவைதான்.

இப்போது அந்தச் சோதனையைக் கவனியுங்கள். அரசகுமாரியைக் கவிஞன் மகன் காதலிக்கலாமா என்பதுதானே வழக்கு? அந்த வழக்குக்குத் தீர்ப்பே வருவதில்லை. எண்ணிக்கை தவறியதற்குத்தான் தீர்ப்பு. சட்டம் தப்பு என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் கதை முடிகிறது. அரசன் வாக்கு மாறவில்லை, கம்பர் ராஜவிசுவாசம் கெடவில்லை, எண்ணத் தெரியாத ஒரு பெண் மட்டும் குற்றவாளி. (நூறு பாட்டு பாடிய மகாகவி மகனுக்கும் எண்ணத் தெரியவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அதுவும் ஒரு வழக்கம்தான்.) கொட்டகையில் உட்கார்ந்து அழுதவர்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் மகளை எங்கே கொடுப்பது என்ற கணக்கில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கதைக்குள்ளேயே இன்னொரு இடம் இருக்கிறது. எனக்கு அது நூறு பாட்டைவிடப் பெரிய இடம். அரண்மனை விருந்து. அமராவதி வட்டிலை ஏந்திப் பரிமாற வருகிறாள். அவள் நடையைப் பார்த்த அம்பிகாபதி தன்னை மறந்து பாடிவிடுகிறான்:

"இட்டடி நோக எடுத்தடி கொப்பளிக்க
வட்டில் சுமந்து மருங்கசைய"

வைத்த அடி நோகிறதாம், எடுத்த அடி கொப்பளிக்கிறதாம், வட்டில் பாரத்தில் இடை அசைகிறதாம். அரசன் முகம் மாறுகிறது. பக்கத்தில் கம்பருக்குப் போட்டிப் புலவரான ஒட்டக்கூத்தர் வேறு. மகன் தலையைக் காப்பாற்ற அப்பா அடுத்த வரியை அந்தக் கணமே முடிக்கிறார்:

"கொட்டிக்
கிழங்கோ கிழங்கென்று கூறுவாள் நாவில்
வழங்கோசை வையம் பெறும்."

அதாவது, என் மகன் பாடியது தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுப் போகிறவளைப் பற்றி, உன் மகளைப் பற்றி இல்லை. அவள் கூவுகிற ஓசைக்கு இந்த உலகமே விலை. வெளியே போய்ப் பார்த்தால், கம்பர் சொன்னபடியே கலைமகள் கிழங்குக்காரியாக வந்து நிற்கிறாள் என்பது கதை.

ஒரு எழுத்து மாறவில்லை. அந்த இரண்டு வரி இளவரசியைப் பற்றியென்றால் தலை போகும், கிழங்குக்காரியைப் பற்றியென்றால் கைதட்டு. அவள் இடையை யார் பாடினாலும் யாருக்கும் கோபம் வராது. வர்க்கம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த வெண்பாவைச் சொல்லலாம். அதே சமயம் கம்பர் வேறொன்றும் செய்துவிடுகிறார்: உடம்பைப் பாடிய பாட்டைத் திருப்பி, அவள் குரலைப் பாடுகிற பாட்டாக்கிவிடுகிறார்.

சின்ன வயதில் எங்கள் ஆச்சியிடம் இந்த வெண்பாவைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். ஆச்சி ராஜாக்கமங்கலம் பக்கமிருந்து தலையில் கடவப் பெட்டி வைத்து வடசேரிச் சந்தைக்கு நடந்தவள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சொமடு தூக்குகவளுக்கு அடி நோவாதா பின்ன? இதுக்கு ஒரு பாட்டா மக்ளே?" வழியில் இருந்த சுமைதாங்கிக் கல் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். வட்டில் ஏந்தியதில் இளவரசிக்கு அடி கொப்பளித்தது என்பதை மட்டும் அவள் கடைசிவரை நம்பவில்லை.

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட காதல் கதைக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு முத்துப்பட்டன் கதை தெரிந்திருக்கும். பட்டன் பிராமணன். சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்படுகிறான். அவர்கள் அப்பன் நிபந்தனை போடுகிறான்: குடுமியையும் பூணூலையும் விடு, எங்கள் தொழிலைச் செய். பட்டன் செய்கிறான். தோலைத் தொட்டுச் செருப்புத் தைக்கிறான். கலியாணம் நடக்கிறது. அப்புறம் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான், சொரிமுத்தையனார் கோயிலில் தெய்வமாகிறான். இங்கேயும் சோதனை உண்டு. ஆனால் அது பாட்டால் தேறுகிற சோதனை இல்லை, மேலே இருக்கிறவன் இறங்கி வர வேண்டிய சோதனை. இந்தக் கதையே பலருக்குத் தொண்டையில் மாட்டியிருக்கிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று சொல்லும் பாடமும் பின்னால் வந்தது. நாட்டுப்புறவியல் அறிஞர் நா.வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பிக்கும்போது இந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

முத்துப்பட்டனோடு வைத்துப் பார்த்தால் அம்பிகாபதி மிகப் பத்திரமான கதை. அவன் கீழே இறங்குவதும் இல்லை, அவளை இறக்குவதும் இல்லை. மேலே பார்த்துப் பாடுகிறான்.

அப்படியென்றால் இந்தப் படத்தில் புதிது எதுவுமில்லையா? இருக்கிறது, ஆனால் கதையில் தேடினால் கிடைக்காது. குரலில் தேட வேண்டும்.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபரில் வந்தது. அடுத்த சில வருஷம் படம் எடுப்பது என்றால் ரயிலேறுவது. கல்கத்தா, பம்பாய், பூனா. பின்னணிப் பாடல் என்ற ஏற்பாடு வரவில்லை. நடிகர் கேமரா முன்னால் நின்று பாடியே ஆக வேண்டும். வாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே, செட்டுக்கும் மரத்துக்கும் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருப்பார்கள். மைக் தலைக்கு மேல் தொங்கும். பாடும்போது திரும்பினால் குரல் தேயும், காக்கா கத்தினால் அதுவும் பதிவாகும், கடைசி அடியில் தொண்டை கட்டினால் முதலிலிருந்து பாட வேண்டும். ஆகவே அழகு, வயது, நடிப்பு எல்லாம் இரண்டாம்பட்சம். குரல் இருக்கிறவன்தான் கதாநாயகன்.

இந்த ஒரு தொழில்நுட்பக் கட்டாயம் எத்தனை பேரை மேலே தூக்கிவிட்டது என்பதைப் பாருங்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. 1937-இல் சிந்தாமணி, அம்பிகாபதி என்று இரண்டு படம், இரண்டும் பெரிய ஓட்டம். அதற்குப் பிறகு அவர் போகிற ஊரில் ராஜாவுக்குக் கூடாத கூட்டம் கூடியது. பாட்டால் அரண்மனைக்குள் போக முயன்ற கவிஞன் மகனாக நடித்தவர், பாட்டாலேயே நிஜத்தில் உள்ளே போய்விட்டார். அம்பிகாபதியில் பாபநாசம் சிவன் பாடல்கள். 'சந்திர சூரியர் போம் கதி மாறினும்' என்று பாகவதர் எடுக்கும் இடத்தைக் கேட்டால், நூறு பாட்டு என்ன, ஆயிரம் கேட்டிருந்தாலும் பாடியிருப்பார் என்று தோன்றும். ஒரு திருத்தம்: 'சிந்தனை செய் மனமே' இந்தப் படத்தில் இல்லை. அது 1957-இல் சிவாஜியும் பானுமதியும் நடித்து வந்த அம்பிகாபதி, டி.எம்.சௌந்தரராஜன் பாடியது. ஊரில் பாதிப்பேர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

அமராவதியாக வந்த எம்.ஆர்.சந்தானலட்சுமி பாகவதரைவிட மூத்தவர். இன்றைக்குப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்குப் பாட வந்தால் போதும். எனக்கும் அதில் ஒன்றும் குறையாகப் படவில்லை.

இரண்டாவது புதுமை வசனம். அதுவரை தமிழ்ப் படத்தில் ஆட்கள் நாடகமேடைப் பேச்சையோ, வீட்டுப் பேச்சையோ அப்படியே பேசினார்கள். அம்பிகாபதிக்கு வசனம் எழுதிய இளங்கோவன் மணிக்கொடி இலக்கியப் பத்திரிகைப் பக்கத்திலிருந்து வந்த எழுத்தாளர். எல்லிஸ் ஆர்.டங்கனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. கலிஃபோர்னியாவில் சினிமா படித்துவிட்டு, கூடப் படித்த மாணிக் லால் டாண்டனோடு 1935-இல் இந்தியா வந்தவர். அவர் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் மாடத்துக் காதல் காட்சியைக் குறித்துக் கொடுக்க, இளங்கோவன் அதைத் தமிழில் வடித்தார். மாடத்துக்குக் கீழே நின்று காதலன் பேசுவது அப்படித்தான் நம் சினிமாவுக்குள் வந்தது. காதலர்கள் நெருங்கி நிற்பதிலும் தொடுவதிலும் டங்கன் அந்தக் காலத்துக் கூச்சத்தைப் பார்க்கவில்லை. சோழ இளவரசி வெரோனாப் பெண் ஜூலியட்டின் பேச்சைச் செந்தமிழில் பேசினாள், ஜனங்கள் அது நம்முடையதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டது நியாயம். மேலே இருக்கிறவளைக் கீழே நிற்கிறவன் அண்ணாந்து பார்க்கும் காட்சியை எந்த ஊரிலும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நம் ஜோடி. கிருஷ்ணன் தன் சிரிப்புப் பகுதியைத் தானே எழுதிக்கொள்வார். அவருக்கும் மதுரத்துக்கும் பழக்கமானது 1936-இல் வசந்தசேனா படத்துக்காகப் பூனா போன பயணத்தில். அந்தப் படமும் ஒரு ஏற்றத்தாழ்வுக் காதல் கதைதான், கணிகையும் ஏழையும். கையில் காசில்லாமல் படப்பிடிப்புக் குழு தவித்தபோது மதுரம் கொடுத்து உதவினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. அங்கேயே கலியாணம். கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே வீட்டில் மனைவி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மறைத்துப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் திரையில் அந்த இருவரும் பேசும்போது கேளுங்கள். பெரிய ஜோடி உயிரை விடுவதைப் பற்றிப் பேசும், சின்ன ஜோடி சாப்பாட்டைப் பற்றிப் பேசும். மதுரம் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை திருப்பிக் கொடுப்பார். அன்றைய படங்களில் ஆணும் பெண்ணும் சமமாக நின்று பேசியதை நான் கண்டது இவர்களிடம்தான். பின்னால் நல்லதம்பியில் (1949) கிருஷ்ணன் செய்த கிந்தனார் கதாகாலட்சேபமும் இதே வழிதான். நந்தனார் சிதம்பரத்துக்குப் போனார், கிந்தன் பட்டணத்துக்குப் படிக்கப் போனான்.

இனி, இந்தப் படம் வந்தபோது நம் ஊர் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் முடியாது. அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர். சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தது 1936 நவம்பர் 12. அம்பிகாபதி வந்தது 1937 டிசம்பர். நடுவில் பதின்மூன்று மாதம். சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்கு சத்தியாகிரகம் இருந்து ஏறக்குறையப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. பெண்கள் மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலவரத்தை நேரில் பார்த்த அம்மாக்களின் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். யார் எங்கே நடக்கலாம், எதை உடுக்கலாம் என்ற கேள்விக்கு அடிபட்ட ஊர். இங்கே சோழ அரசன் கோபம் யாருக்கும் வேடிக்கையாகத் தெரிந்திருக்காது.

இன்னும் கிட்டத்தில் ஒரு கதை உண்டு. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியல் பேசும்படத்துக்கு முந்திய காலத்தில், சொந்தப் பணத்தைக் கொட்டி விகதகுமாரன் என்ற பேசாப்படத்தை எடுத்தார். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று கேரளம் அவர் பேரில் விருது கொடுக்கிறது. அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே.ரோசி, தலித் பெண். கீழ்ச்சாதிக்காரி நாயர் பெண்ணாக வருவதா என்று திருவனந்தபுரத்தில் கொட்டகையில் கலவரம், கல்லெறி. ரோசி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்த இடம் நாகர்கோவில். ராஜம்மாள் என்ற பெயரில் இங்கேயே குடும்பமாக வாழ்ந்தார், நடித்ததைப் பற்றிப் பேசாமல். அந்தப் படத்தின் பிரதி மிஞ்சவில்லை.

திரையில் ஒரு ஆண் மேலே அண்ணாந்து பார்த்துப் பாடினால் 52 வாரம் ஓடும். ஒரு பெண் மேலே இருப்பவளாக வேஷம் கட்டினால் ஊரைவிட்டு ஓட வேண்டும். பத்து வருஷத்துக்குள் நடந்தவை இவை. நீங்கள் புரட்சிப் படமா என்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது ரோசிதான். அவர் பேசிய குரலை யாரும் கேட்டதில்லை. படம் பேசவில்லை.

படம் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஒலி கரகரக்கும். டி.எஸ்.பாலையாவின் வில்லத்தனமும் செருகளத்தூர் சாமாவின் கம்பரும் பொறுமைக்குக் கூலி. கேட்டு முடித்த கையோடு 1957 அம்பிகாபதியையும் பாருங்கள். அதிலும் கிருஷ்ணனும் மதுரமும் இருக்கிறார்கள். இருபது வருஷத்துக்குள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் சிறை போய், 1947-இல் விடுதலையாகி வந்துவிட்டார்கள். பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குக் கொஞ்சம் திரும்பியது. 1956 நவம்பர் முதல் தேதி நம் மாவட்டமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. முதல் அம்பிகாபதியை மகாராஜாவின் பிரஜையாகப் பார்த்தவர்கள் இரண்டாவதை ஓட்டுப் போடுகிறவர்களாகப் பார்த்தார்கள். கிருஷ்ணன் பார்க்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30-இல் இறந்துபோனார், படம் அக்டோபரில் வந்தது. செத்தவர் திரையில் வந்து பேசியபோது நாகர்கோவில் கொட்டகையில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்ததாக எங்கள் ஆச்சி சொல்வாள். அவள் தரை டிக்கெட்.